டேனிஷா, கோரிங்கா, ஸ்காட்சா, மோராவா? சி3 கேம்பிட்களை எப்படிப் பிரித்தறிவது?

பலகைமுன் (கேள்வி)

சதுரங்கத்தில் டி4 தள்ளி, எதிராளி அடித்ததும் சி3 தள்ளி சிப்பாயைக் கொடுக்கும் கேம்பிட்கள் (சிப்பாய் கொடுத்துத் தாக்குதல் தேடும் தொடக்கங்கள்) நாலைந்து இருக்கின்றன: டேனிஷ், கோரிங், ஸ்காட்ச் கேம்பிட், ஸ்மித்-மோரா. ஐந்தாறு நகர்வு தாண்டினால் வெள்ளைப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. பிஷப் சி4-இல், குதிரைகள் சி3, எஃப்3-இல், சி, டி சிப்பாய்கள் இரண்டும் இல்லை. செயலியில் மேலே வரும் பெயரும் ஆட்டம் போகப் போக மாறுகிறது. டேனிஷ் என்று ஆரம்பித்து கோரிங் என்று முடிகிறது.

பெயர் தெரிவதோடு நிற்காமல், எந்த யோசனையை எதிலிருந்து எதற்குக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோனால் அடி விழும் என்று தெரிய வேண்டும். குறிப்பாக: மோராவில் இ5 தள்ளி ராணியைப் பிடிக்கும் பொறி இருக்கிறதே, அது கோரிங்கில் ஏன் பலிப்பதில்லை? இரண்டிலும் கருப்பு டி6, குதிரை சி6, குதிரை எஃப்6 என்றுதான் வைத்திருக்கிறது.

(எழுத்துமுறை: × என்றால் அடி, + என்றால் செக், 0-0 என்றால் கேஸ்லிங். காய் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய் நகர்வு. எண்ணுக்குப் பின் ... வந்தால் கருப்பின் நகர்வு. ! நல்ல நகர்வு, ? தவறு, ?? பெருந்தவறு.)

---

ஏழாம்வரிசை

வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துப் பிரிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். கருப்புப் பக்கம் பாருங்கள். காணாமல் போன கருப்புச் சிப்பாய் எது? இ சிப்பாயா, சி சிப்பாயா?

டேனிஷ்: 1. இ4 இ5 2. டி4 இ×டி4 3. சி3
கோரிங்: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. டி4 இ×டி4 4. சி3
ஸ்காட்ச் கேம்பிட்: அதே மூன்று நகர்வு, பிறகு 4. பிஷப் சி4
ஸ்மித்-மோரா: 1. இ4 சி5 2. டி4 சி×டி4 3. சி3

முதல் மூன்றிலும் அடித்துக்கொண்டு முன்னே வந்தது கருப்பின் இ சிப்பாய். ஆகவே இ7 காலி, சி7-இல் சிப்பாய் இருக்கிறது. மோராவில் வந்தது சி சிப்பாய். இ7-இல் சிப்பாய் இருக்கிறது, சி7 காலி. வெள்ளைக்கு எது பலிக்கும், எது பலிக்காது என்பதில் முக்கால்வாசியை இந்த ஒரு வேறுபாடே முடிவு செய்துவிடுகிறது.

நீங்கள் கேட்ட பொறியையே எடுத்துக்கொள்வோம். மோரா:

3... டி×சி3 4. குதிரை×சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 டி6 6. பிஷப் சி4 குதிரை எஃப்6? 7. இ5!

7... குதிரை×இ5 என்றால் 8. குதிரை×இ5 டி×இ5 9. பிஷப்×எஃப்7+. கருப்பு ராஜாவுக்குப் போக என்ன இடம் இருக்கிறது? டி7 முடியாது, டி ஃபைல் (நெடுவரிசை) திறந்து வெள்ளை ராணி நேராகப் பார்க்கிறது. இ7-இல் சொந்தச் சிப்பாயே நிற்கிறது. வேறு வழியில்லாமல் 9... ராஜா×எஃப்7 10. ராணி×டி8, ராணி போய்விட்டது. 7... டி×இ5 என்று அடித்தால் 8. ராணி×டி8+ குதிரை×டி8 9. குதிரை பி5. சி7-ஐக் காக்க ஆள் இல்லை. டி6-க்கு வந்து காக்கவேண்டிய எஃப்8 பிஷப்பை இ7 சிப்பாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. 9... யானை பி8 என்று ஒதுங்கினால் 10. குதிரை×இ5. சிப்பாய் திரும்பிவந்தது, கருப்புக் காய்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

இப்போது கோரிங்:

4... டி×சி3 5. குதிரை×சி3 டி6 6. பிஷப் சி4 குதிரை எஃப்6 7. இ5? குதிரை×இ5 8. குதிரை×இ5 டி×இ5 9. பிஷப்×எஃப்7+ ராஜா இ7!

இ7 காலி என்பதால் ராஜா அங்கே போய், டி8 ராணிக்குத் துணையாகவும் நின்றுவிடுகிறது. 10. ராணி×டி8+ ராஜா×டி8. எண்ணிப் பாருங்கள்: வெள்ளை மூன்று சிப்பாய் இழந்து இரண்டைப் பிடித்திருக்கிறது. ஒரு சிப்பாய் குறைவு, ராணிகளும் இல்லை, தாக்குதலும் இல்லை. 7... டி×இ5 8. ராணி×டி8+ குதிரை×டி8 9. குதிரை பி5 என்று போனாலும் 9... பிஷப் டி6 வந்து சி7-ஐக் காத்துவிடும்.

கோரிங்கில் அந்த இடத்தில் ஆடவேண்டியது 7. ராணி பி3. எஃப்7-ஐ நேராகக் குறிவைக்கும், பி7-யும் பார்வையில் இருக்கும். வழக்கமான பதில் 7... ராணி டி7, அதற்கு 8. குதிரை ஜி5 என்று எஃப்7 மேல் இன்னொரு காயைச் சேர்ப்பார்கள்.

---

மெல்லநகர்

ஏழாம்வரிசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இ7 காலியாக இருப்பது கருப்புக்கு லாபம் மட்டுமல்ல, அதே காரணத்தால் இ6 சிப்பாயும் கிடையாது. சி4 பிஷப் எஃப்7 வரை தடையில்லாமல் பார்க்கிறது. அதனால்தான் கோரிங்கில் ராணி பி3-க்குப் போகிறது.

மோராவில் கருப்பு இ6 தள்ளிய நொடியில் அந்த டயகனல் (மூலைவிட்டம்) மூடிவிடும். அங்கே ராணி பி3 வெறும் காற்றில் வாள் வீசுவது. மோராவில் வெள்ளையின் வேலை ஃபைல்களில்: ராணி இ2, ராஜா பக்க யானை டி1, மற்ற யானை சி1. டி ஃபைலில் டி6 சிப்பாய் மேல் அழுத்தம், சி ஃபைலில் சி7-க்கு வரும் ராணி மேல் அழுத்தம். அந்த ராணி இ2, யானை டி1 அமைப்பைக் கோரிங்கில் வைத்தால் ராணி இ4-க்குப் பின்னால் சும்மா நிற்கும். அங்கே இ ஃபைல் கருப்புக்குத்தான் பாதி திறந்தது. கருப்பு 0-0 செய்து யானையை இ8-இல் வைத்தால் இ4 சிப்பாயைக் காப்பதே ராணியின் வேலையாகிவிடும்.

காலியான சி7-உம் ஒருவழிப் பாதை இல்லை. மோரா ஆடுபவர் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய சைபீரியன் பொறி அந்தச் சதுரத்திலிருந்துதான் வருகிறது:

4. குதிரை×சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 இ6 6. பிஷப் சி4 ராணி சி7 7. 0-0 குதிரை எஃப்6 8. ராணி இ2 குதிரை ஜி4! 9. ஹெச்3?? குதிரை டி4!

இ2 ராணி மேல் அடி, எஃப்3 குதிரை மேலும் அடி. 10. குதிரை×டி4 என்றால் ராணி ஹெச்2 மேட். வேறு எது ஆடினாலும் ராணி போகும். 15 நிமிட ஆட்டங்களில் 9. ஹெச்3 கை தானாகப் போகும் நகர்வு, அதுதான் ஆபத்து. 8. ராணி இ2-க்குப் பதிலாக 8. குதிரை பி5 ராணி பி8 9. இ5 ஆடினால் இந்தப் பேச்சே இல்லை. கோரிங்கிலும் டேனிஷிலும் இந்தப் பொறிக்கு இடமில்லை. சி7-இல் சிப்பாய் இருப்பதால் ராணிக்கு அந்த ஹெச்2 டயகனல் கிடைக்காது.

---

பலகைமுன்

இ7 சங்கதி இப்போது விளங்குகிறது. நன்றி. அடுத்தது: டேனிஷ், கோரிங் இரண்டிலும் இ7 காலிதானே? அவற்றுக்குள் என்ன வேறுபாடு? எஃப்3 குதிரையும் சி6 குதிரையும் முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததா என்பது மட்டுமா? மோராவில் டேனிஷ் மாதிரி இரண்டு சிப்பாய் கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

---

கருப்புப்பக்கம்

கருப்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு குதிரைகள் பெரிய விஷயம். டேனிஷை அடக்க எல்லோரும் படிக்கும் ஷ்லெக்டர் வழி இது:

3... டி×சி3 4. பிஷப் சி4 சி×பி2 5. பிஷப்×பி2 டி5! 6. பிஷப்×டி5 குதிரை எஃப்6 7. பிஷப்×எஃப்7+ ராஜா×எஃப்7 8. ராணி×டி8 பிஷப் பி4+ 9. ராணி டி2 பிஷப்×டி2+ 10. குதிரை×டி2

8-ஆவது நகர்வில் கருப்பு ராணியை விட்டுவிட்டு, பி4 செக்கில் திரும்ப எடுக்கிறது. இந்தச் செக் வருவதே எஃப்8 பிஷப்புக்கு இ7 வழியாகக் கதவு திறந்திருப்பதால்தான். முடிவில் இரு பக்கமும் ஐந்தைந்து சிப்பாய். வெள்ளைக்கு ராஜா பக்கம் நாலுக்கு இரண்டு, கருப்புக்கு ராணிப் பக்கம் மூன்றுக்கு ஒன்று. தாக்கி ஆட ஆசைப்பட்டு இரண்டு சிப்பாய் கொடுத்தவருக்குப் பத்தாவது நகர்விலேயே எண்ட்கேம் (ராணிகள் போன இறுதி ஆட்டம்) கிடைக்கும். கணக்குப்படி சமம், மனக்கணக்குப்படி கருப்புக்கு வெற்றி.

இதையே கோரிங்கின் இரண்டு சிப்பாய் வடிவத்தில் (5. பிஷப் சி4 சி×பி2 6. பிஷப்×பி2) 6... டி5 7. பிஷப்×டி5 குதிரை எஃப்6 என்று ஆடுங்கள். சி6-இல் குதிரை இருக்கிறது, டி8-ஐ அது காக்கிறது. வெள்ளை பழக்கத்தில் 8. பிஷப்×எஃப்7+?? ராஜா×எஃப்7 9. ராணி×டி8 என்று போனால் 9... குதிரை×டி8, வெள்ளைக்கு ஒரு பிஷப் நஷ்டம். விவரம் தெரிந்த வெள்ளை 8. குதிரை சி3 என்று டி5-ஐத் தாங்கிவிட்டு ராணிகளைப் பலகையிலேயே வைத்துக்கொள்ளும். ஆக, டேனிஷில் கருப்புக்கு ஆட்டத்தைத் தானாக உலர்த்திக் கொடுத்த அதே வரிசை, கோரிங்கில் வெள்ளைக்குக் கண்ணியாகவும் ஆகலாம், கருப்புக்குப் பயனில்லாமலும் போகலாம். எந்தக் குதிரை பலகையில் வந்துவிட்டது என்று பார்க்காமல் 6... டி5 ஆடாதீர்கள்.

சிப்பாயை எடுக்க விருப்பமில்லாத கருப்புக்கு இன்னொரு டி5 இருக்கிறது, அது சி3 தள்ளியவுடனேயே. டேனிஷில் 3... டி5 4. இ×டி5 ராணி×டி5 5. சி×டி4 குதிரை சி6 6. குதிரை எஃப்3 பிஷப் ஜி4 7. பிஷப் இ2 பிஷப் பி4+ 8. குதிரை சி3 பிஷப்×எஃப்3 9. பிஷப்×எஃப்3 ராணி சி4! கோரிங்கில் 4... டி5 என்று போனாலும் ஒன்பதாவது நகர்வில் இதே நிலைதான் வரும். செயலியில் பெயர் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சி4 ராணி எஃப்1-ஐப் பார்ப்பதால் வெள்ளைக்கு 0-0 கிடையாது, டி4 தனித்த சிப்பாய் வேறு தொங்குகிறது. 1926-இல் லேக் ஹோபட்காங் போட்டியில் மார்ஷலுக்கு எதிராக அன்றைய உலகச் சாம்பியன் காபபிளாங்கா ஆடியது இதுதான். கேம்பிட் ஆடுபவர்களுக்கு அன்று பிடித்த தலைவலி இன்றும் விடவில்லை.

மோராவில் இதே 3... டி5 4. இ×டி5 ராணி×டி5 5. சி×டி4 குதிரை சி6 6. குதிரை எஃப்3 பிஷப் ஜி4? ஆடினால் 7. குதிரை சி3! ராணி மேல் அடி. பிஷப்பை பி4-க்குக் கொண்டுவந்து குதிரையை அசையவிடாமல் கட்டலாமென்றால் இ7 சிப்பாய் வழிமறிக்கிறது. 7... பிஷப்×எஃப்3 8. ஜி×எஃப்3 ராணி×டி4 9. ராணி×டி4 குதிரை×டி4 10. குதிரை பி5. டி4 குதிரை மேல் அடியும், சி7-இல் ஃபோர்க்கும் (ராஜா, யானை இரண்டையும் ஒரே காயால் தாக்குவது) ஒரே நேரத்தில். மறுபடியும் அதே இ7.

---

மெல்லநகர்

மோராவில் இரண்டு சிப்பாய் பற்றி: வேண்டாம். 4. பிஷப் சி4 சி×பி2 5. பிஷப்×பி2 இ6 என்று கருப்பு வைத்ததும் சி4 பிஷப் சுவரைப் பார்த்து நிற்கும், அடுத்து டி5 தள்ளி அதைத் துரத்தவும் வழி இருக்கிறது. டேனிஷில் இரண்டு சிப்பாய்க்குக் கிடைப்பது எஃப்7, ஜி7 இரண்டையும் ஒரே சமயத்தில் குறிவைக்கும் இரட்டை பிஷப். அதில் பாதி மோராவில் இல்லை. ஒரு சிப்பாய் கொடுத்து குதிரையால் சி3-இல் அடிப்பதோடு நிறுத்துங்கள்.

ஷ்லெக்டர் வழியை நினைத்துப் பயப்படும் டேனிஷ்காரருக்கும் இதே மருந்துதான்: 4. பிஷப் சி4-க்குப் பதில் 4. குதிரை×சி3. கருப்பு 4... குதிரை சி6 ஆடினால் 5. குதிரை எஃப்3, அச்சு அசல் கோரிங். 4. பிஷப் சி4 டி6 5. குதிரை×சி3 குதிரை சி6 6. குதிரை எஃப்3 என்றாலும் கோரிங்தான். அதனால் "டேனிஷ்" என்ற பெயருக்குப் பொருள் இருப்பது இரண்டு இடத்தில்: கருப்பு பி2 வரைக்கும் தின்றாலோ, உடனே டி5 தள்ளினாலோ. மற்றபடி பெயரை மறந்துவிட்டுக் கோரிங் என்றே ஆடலாம்.

---

ஏழாம்வரிசை

ஸ்காட்ச் கேம்பிட்டை யாரும் தொடவில்லையே. அதில் குழப்பம் வேறு வகை. 4. பிஷப் சி4-க்கும் 4. சி3-க்கும் உள்ள பேரம் இது: 4. சி3 ஆடினால் காபபிளாங்காவின் டி5-க்கு வழிவிடுகிறீர்கள். 4. பிஷப் சி4 ஆடினால் டி5 அடைபடும், ஆனால் குதிரை எஃப்6-க்கு வழிவிடுகிறீர்கள்.

4... குதிரை எஃப்6 வந்துவிட்டால் அது இரு குதிரைத் தற்காப்பு என்ற ஓப்பனிங். 5. இ5 டி5! 6. பிஷப் பி5 குதிரை இ4 7. குதிரை×டி4. சிப்பாய் திரும்ப வந்தாயிற்று, இதை கேம்பிட் என்று சொல்வதற்கே இல்லை. 4... பிஷப் சி5 5. சி3 குதிரை எஃப்6 6. சி×டி4 பிஷப் பி4+ என்றால் அது பழைய இத்தாலியன் ஓப்பனிங். ஸ்காட்ச் கேம்பிட் என்று ஆரம்பித்தது ஸ்காட்ச் கேம்பிட்டாகவே முடிவது குறைவுதான். 4... பிஷப் சி5 5. சி3 டி×சி3? என்று கருப்பு பேராசைப்பட்டால் 6. பிஷப்×எஃப்7+! ராஜா×எஃப்7 7. ராணி டி5+, அடுத்து சி5 பிஷப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அடி கருப்பு பிஷப் சி5-இல் காவலின்றி நிற்கும்போது மட்டும்தான். கோரிங்கில் பிஷப் பி4-க்கோ இ7-க்கோ போயிருந்தால் ராணி டி5+ எதையும் பிடிக்காது. எஃப்7-இல் ஒரு பிஷப்பைத் தொலைத்ததுதான் மிச்சம்.

4... குதிரை எஃப்6 நிலை மூன்று வாசல் வழியாக வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1. இ4 இ5 2. பிஷப் சி4 குதிரை எஃப்6 3. டி4 இ×டி4 4. குதிரை எஃப்3, இது உருசோவ் கேம்பிட். 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. டி4 இ×டி4 4. பிஷப் சி4, பெட்ராஃப் தற்காப்பு வழியாக வந்த அதே உருசோவ். இரண்டிலும் கருப்பு குதிரை சி6 ஆடினால் ஸ்காட்ச் கேம்பிட் 4... குதிரை எஃப்6 நிலைதான். ஆடாமல் 4... குதிரை×இ4 என்று அடித்தால் 5. ராணி×டி4. சி6-இல் குதிரை இல்லாததால் ராணியைத் துரத்த ஆள் இல்லை, அங்கிருந்து அது தனி ஓப்பனிங்.

---

கருப்புப்பக்கம்

எவான்ஸ் கேம்பிட்டையும் சேர்த்துவிடுங்கள். சி3, டி4 வருவதால் அதையும் கோரிங் என்று எண்ணுபவர்கள் உண்டு. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 பிஷப் சி5 4. பி4 பிஷப்×பி4 5. சி3 பிஷப் ஏ5 6. டி4 இ×டி4 7. 0-0 டி×சி3. இந்த நிலையையும் இரண்டு சிப்பாய் கோரிங்கையும் அருகருகே வைத்தால் சிப்பாய் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்று. அடையாளம் ஏ5-இல் நிற்கும் கருப்பு பிஷப். அது ராஜா பக்கத்தை விட்டு விலகிவிட்டது, அதனால் வெள்ளையின் கருங்கட்ட பிஷப்புக்கு பி2-ஐவிட ஏ3 நல்ல இடம்: எஃப்8 வரை பார்த்து கருப்பின் கேஸ்லிங்கைத் தடுக்கும். பிஷப் ஏ5-க்குப் போகாமல் 5... பிஷப் இ7 என்று ஒதுங்கினால் கதை வேறு. 1995-இல் ரீகாவில் ஆனந்த் அப்படித்தான் ஆடினார்: 6. டி4 குதிரை ஏ5 7. பிஷப் இ2 இ×டி4 8. ராணி×டி4. காஸ்பரோவ் 25 நகர்வில் முடித்துவிட்டார். உலகச் சாம்பியன் மட்டத்திலும் இந்தக் கிழட்டு கேம்பிட்கள் ஒருநாள் அதிர்ச்சிக்கு உதவும்.

செயலி காட்டும் ஈசிஓ குறியீட்டை (ஓப்பனிங்களை வகைப்படுத்தும் எண்) பெரிதாக நம்பவேண்டாம். டேனிஷ் சி21, மோரா பி21. ஆனால் கோரிங், ஸ்காட்ச் கேம்பிட் இரண்டுமே சி44. மோராவில் 3... குதிரை எஃப்6 4. இ5 குதிரை டி5 வந்தால் அலாபின் ஓப்பனிங், பி22. குறியீடு வேறாகிவிட்டது என்பதற்காகத் திட்டத்தை மாற்றவேண்டியதில்லை.

---

பலகைமுன்

குதிரை எஃப்6-க்கு இ5 தள்ளுவதற்கு முன்னால் இ7-ஐப் பார்க்கவேண்டும், எஃப்7-இல் பிஷப்பால் அடிப்பதற்கு முன்னால் சி6 குதிரையையும் சி5 பிஷப்பையும் பார்க்கவேண்டும். இப்படிப் புரிந்துகொள்ளலாமா?

---

ஏழாம்வரிசை

சரி. சி7-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அது காலியென்றால் ஹெச்2-க்கு ஆபத்து வரலாம், கவனியுங்கள். பழகுவதற்கு, மோராவில் 6... குதிரை எஃப்6 வரையும், கோரிங்கில் 6... குதிரை எஃப்6 வரையும் இரண்டு பலகையில் அடுக்கி வையுங்கள். வேறுபாடு இ, சி ஃபைல்களில் இருக்கும் ஒரே ஒரு கருப்புச் சிப்பாய்தான். ஒன்றில் இ5, மற்றதில் ராணி பி3. இரண்டையும் மாற்றி மாற்றி எஞ்சின் இல்லாமல் முடிவுவரை கணக்கிட்டுப் பாருங்கள். மோராவில் 7... டி×இ5 கிளையை விட்டுவிடாதீர்கள், விவரம் தெரிந்த எதிராளி ராணியைத் தூக்கிக் கொடுக்கமாட்டார், அந்தக் கிளைக்குள்தான் போவார். அங்கே 8. ராணி×டி8+ ராஜா×டி8 என்று ராஜாவால் அடித்தால் 9. குதிரை ஜி5, எஃப்7-க்கு.